"மாமா, 89 ரூபாதான்!" - 'ஃப்ரீ' கேமுக்கு உண்மையில் காசு கொடுப்பது யார்?

"மாமா, 89 ரூபாதான் மாமா. பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் குடுங்க."

"எதுக்குடா மாப்ளே? கேம் ஃப்ரீன்னுதானே சொன்ன?"

"கேம் ஃப்ரீதான் மாமா. இது ஸ்கின்."

அருப்புக்கோட்டையில் ஒரு ஞாயிறு மதியம். தெருவில் தறிச் சத்தம்கூட அடங்கிக் கிடக்கிறது. ஃபேனுக்குக் கீழே அக்கா மகன் போனைப் படுக்கவைத்துப் பிடித்தபடி கேட்கிறான். இது எந்த ஒரு வீட்டின் கதையும் இல்லை. பல வீடுகளில் நடக்கும் கதை. மாமாவுக்கு 36 வயது என்று வைத்துக்கொள்வோம். வாரம் முழுக்க விருதுநகருக்கு பஸ் ஏறி வேலைக்குப் போய்வருபவர். பஸ்ஸில் 20 நிமிடம், தூங்குவதற்கு முன் அரை மணி நேரம் அவரும் ஏதோ ஒரு கேம் ஆடுகிறார். போட்டிக்குப் போவதில்லை, யூடியூப் சேனலும் இல்லை. இப்படி ஆடுபவரைத்தான் 'கேஷுவல் கேமர்' என்கிறார்கள். உலகில் கேம் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் இந்த ரகம்தான்.

இவர்களிடம் பேசினால் பெரும்பாலும் மூன்று கேள்விகள் வரும். ஃப்ரீ கேம் எப்படிச் சம்பாதிக்கிறது? ஆன்லைன் கேமைத் தடை செய்துவிட்டார்களாமே, அப்படியென்றால் நாம் ஆடுவது சட்டப்படி சரியா? போனிலேயே ஆடலாமா, கன்சோல் வாங்கலாமா? மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால், அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காசு வாங்கும் முறை மாறியபோதெல்லாம் கேமும் எப்படி மாறியது என்பது அங்கேதான் தெரியும்.

கேசட்டில் ஊதிய காலம்

1990-களில் நம் ஊர்களுக்கு வந்த 'டிவி கேம்' ஞாபகம் இருக்கிறதா? 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்று பல பெயர்களில் விற்ற அந்தப் பெட்டிகள், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கன்சோலின் நகல்கள். டிவியின் ஆன்டெனா துளையில் வயரைச் செருகி, சேனலைத் திருகித் திருகித் தேடினால் மரியோ வந்து நிற்பார்.

1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முழு கேமின் அளவே சுமார் 40 கேபிதான். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம் அதைவிடப் பெரியதாக இருக்கும். கேம் ஓடவில்லை என்றால் கேசட்டை எடுத்து வாயால் ஊதுவோம். உண்மையில் ஊதியதால் எந்தப் பயனும் இல்லை. கேசட்டை எடுத்துத் திரும்பச் செருகும்போது பின்கள் சரியாகப் பொருந்தியதால்தான் ஓடியது. எச்சில் ஈரம் பட்டு பின் துருப்பிடித்ததுதான் மிச்சம்.

'9999 இன் 1' கேசட்டும் அப்படித்தான். உள்ளே இருந்தவை சில கேம்கள் மட்டுமே. அதே கேமை இரண்டாம் லெவலில் தொடங்கினால் ஒரு நம்பர், மூன்றாம் லெவலில் தொடங்கினால் இன்னொரு நம்பர். இது ஏமாற்றுதான். ஆனால், அந்த ஏமாற்று ஒரு தடவையோடு முடிந்தது. கேசட் வாங்கிய பிறகு அது யாரிடமும் காசு கேட்டதில்லை.

'கான்ட்ரா' ஆடியவர்களுக்கு இன்னொன்று தெரியும். தொடக்கத் திரையில் மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். 1986-இல் 'கிரேடியஸ்' கேமை கன்சோலுக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, அந்த கேம் தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்று, சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எடுக்க மறந்ததால் வெளியே வந்து, உலகம் முழுக்கப் பரவியது. அன்று உயிர் தீர்ந்தால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ரகசியம் கேட்டால் போதும். இன்று உயிர் தீர்ந்தால் திரையில் விலைப்பட்டியல் வருகிறது.

மணிக்கு இவ்வளவு என்ற காலம்

2000-க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கப் போன பையன்கள் 'வைஸ் சிட்டி' ஆடிவிட்டுத் திரும்பினார்கள். 2002-இல் வெளியான அந்த கேமின் சீட் கோடுகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தவர்கள் பலர். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. அதை வாங்கி வைத்து மணிக் கணக்கில் ஆடவிட்ட கடைகளும் நம் ஊர்ப்பக்கம் முளைத்தன.

இங்கே காசு கொடுக்கும் முறை மாறியது. கேசட்டுக்கு ஒரே தடவை. கடைக்கு மணிக்கு ஒரு தடவை. ஆனாலும் ஒரு எல்லை இருந்தது. பையில் உள்ள சில்லறை தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. கடைக்கார அண்ணன், "டைம் முடிஞ்சுபோச்சு தம்பி" என்று சொல்லிவிடுவார். அந்தக் குரல் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், ஆட்டத்தை நிறுத்தச் சொன்ன ஒரே குரல் அதுதான்.

இதே காலத்தில் அரசும் தன்னை அறியாமல் ஒரு வேலை செய்தது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி வந்த இலவச கலர் டிவியும், 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டமும் விளையாடுவதற்காகத் தரப்பட்டவை அல்ல. ஆனால், பல வீடுகளில் முதல் கலர் திரையும் முதல் கம்ப்யூட்டரும் அவைதான். கையில் நோக்கியா 1100 இருந்தால் அதில் 'ஸ்நேக்'. டேட்டா வேண்டாம், விளம்பரம் கிடையாது, சார்ஜும் நாள் கணக்கில் நிற்கும்.

ஜியோவுக்குப் பிறகு

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. கையிலிருந்த போனே கன்சோல் ஆனது. திருச்சுழி பக்கம் கருவேலங்காட்டு ஓரத்து ஊரில் இருப்பவரும், தென் கொரியாவில் இருப்பவரும் ஒரே கேமை ஒரே நாளில் டவுன்லோடு செய்யலாம் என்ற நிலை. அதுவும் ஃப்ரீயாக.

ஃப்ரீ கேம் சம்பாதிக்கும் வழிகள் முக்கியமாக நான்கு.

1. விளம்பரம்: லெவல் முடிந்ததும் 30 விநாடி விளம்பரம் ஓடும். "விளம்பரம் பார்த்தால் 50 காயின்" என்பதும் இதே வகை. இங்கே நீங்கள் கொடுப்பது காசு இல்லை, நேரமும் டேட்டாவும்.

2. காத்திருப்பை விற்பது: 2012-இல் வந்த 'கேண்டி கிரஷ்' இதற்குப் பெயர் போனது. ஐந்து உயிர் தீர்ந்தால், ஓர் உயிர் திரும்ப வர 30 நிமிடம் ஆகும். பொறுமை இல்லையா? காசு கொடுங்கள். காத்திருக்க வைப்பதும் அவர்கள்தான், காத்திருக்காமல் இருக்க விலை சொல்வதும் அவர்கள்தான்.

3. அலங்காரம்: ஸ்கின், டிரெஸ், துப்பாக்கிக்கு வேறு கலர். இதோடு 'பேட்டில் பாஸ்'. ஒரு சீசனுக்குக் காசு கட்டிவிட்டு, தினமும் வந்து ஆடினால்தான் கட்டிய காசுக்கான பொருள் முழுதாகக் கிடைக்கும். பணமும் கொடுத்து, அட்டெண்டன்ஸும் போட வேண்டும்.

4. லூட் பாக்ஸ்: காசு கொடுத்துப் பெட்டியைத் திறக்கலாம், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. திருவிழாக் கடையில் சீட்டுக் கிழிப்பது போலத்தான்.

இந்த நாலாவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டியில் நீங்கள் விரும்பும் பொருள் வர 1 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 பெட்டி திறந்தால் கட்டாயம் கிடைத்துவிடும் என்றுதான் மனசு சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 100 பெட்டி திறந்த பிறகும் கிடைக்காமல் போக சுமார் 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பெட்டி 20 ரூபாய் என்றால், 2,000 ரூபாய் செலவழித்த பிறகும் மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடு நிற்பார்கள். ஆப்பிள் 2017 கடைசியிலும் கூகுள் 2019-இலும், இந்த வாய்ப்பு விகிதத்தை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தன. ஆனால், அதைத் தேடிப் படித்துவிட்டுக் காசு போடுபவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு தந்திரம், ரூபாயைக் கண்ணில் காட்டாமல் இருப்பது. 89 ரூபாய் கொடுத்தால் 'டயமண்ட்' வரும். ஸ்கின்னின் விலை டயமண்டில்தான் இருக்கும். வாங்கிய பிறகு கையில் கொஞ்சம் டயமண்ட் மிச்சம் இருக்கும், ஆனால் அடுத்த பொருளுக்கு அது பத்தாது. இன்னொரு 89 போட்டால் சரியாகிவிடும். இது தற்செயல் அல்ல, யோசித்துப் போட்ட விலை.

பெரும்பாலானோர் இந்த கேம்களில் ஒரு ரூபாயும் போடுவதில்லை. வருமானத்தில் பெரும்பகுதி சின்னக் கூட்டம் ஒன்றிடமிருந்துதான் வருகிறது. அதிகம் செலவழிப்பவர்களுக்கு கேம் தொழிலில் வைத்திருக்கும் பெயர் 'திமிங்கிலம்'. பத்துப் பைசா போடாமல் ஆடுபவருக்கும் அங்கே வேலை உண்டு: திமிங்கிலம் வாங்கிய ஸ்கின்னைப் பார்த்து, "செம ப்ரோ!" என்று சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

"அதான் ஆன்லைன் கேமையெல்லாம் தடை பண்ணிட்டாங்களே?" என்று பலர் கேட்கிறார்கள். முழுக்க அப்படி இல்லை. இங்கே இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பப்ஜி தடை: 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் உட்பட 118 ஆப்கள் முடக்கப்பட்டன. பிள்ளைகள் அடிமையானதால் தடை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். பயன்படுத்தியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் இப்படித்தான் போனது. பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் முடங்கி, 2023 மே மாதம் திரும்பி வந்தது. திரும்பும்போது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், பெரியவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது.

பண ஆட்டத் தடை: இது வேறு கதை. காசு கட்டி, காசு ஜெயிக்க ஆடும் ஆன்லைன் ரம்மி போன்றவை தொடர்பானது. கடனாகி உயிரை விட்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்தபோதுதான் இந்தச் சட்டப் போராட்டம் சூடு பிடித்தது. வரிசை இது:

* 2021 பிப்ரவரி: தமிழ்நாடு முதல் சட்டம் கொண்டுவந்தது. திறமை ஆட்டங்களையும் சேர்த்து மொத்தமாகத் தடுத்தது அளவுக்கு மீறியது என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

* 2022: ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு. அதன் பிறகு அக்டோபரில் அவசரச் சட்டம்.

* 2023: மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

* 2025 பிப்ரவரி: பண ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள். 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதி செய்தது.

* 2025 ஆகஸ்ட்: நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

மாநிலம் கடிகாரம் வைத்தது என்றால், மத்திய சட்டம் கதவையே சாத்தியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்தையே அது ஓரம் கட்டிவிட்டது. காசு கட்டி காசை எதிர்பார்த்து ஆடினால் அது 'பண ஆட்டம்', தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே சட்டம் பார்க்கிறது. ஆண்டுக்கு சுமார் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் அளவுக்கு இழக்கிறார்கள் என்பது அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

இதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் எனும் போட்டி கேம்களையும், பொழுதுபோக்குக்கான 'சமூக விளையாட்டு'களையும் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. சந்தா கட்டியோ, ஒரு தடவை காசு கொடுத்தோ ஆடலாம். அது பந்தயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் லூடோ கிங், கேண்டி கிரஷ், கிரிக்கெட் கேம் ஆடுபவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

சட்டம் கேட்காத கேள்வி

விஷயம் இங்கேதான் இருக்கிறது. "போட்ட காசு பெருகித் திரும்பி வரும் என்று ஆடுகிறீர்களா?" இதுதான் சட்டம் கேட்கும் முக்கியக் கேள்வி. ஆமாம் என்றால் தடை, இல்லை என்றால் அனுமதி.

மாப்பிள்ளை கேட்ட 89 ரூபாய் திரும்பி வரவே வராது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது சூதாட்டம் இல்லை, சாதாரணச் செலவு. ஆனால், சீட்டுக் கிழிக்கும் படபடப்பு, "இன்னும் ஒரே தடவை" என்ற நமைச்சல், தோற்றதும் காசு போடத் தூண்டும் பாப்-அப் இவையெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெல்ஜியம் 2018-இல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சீனா 2021-இல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டும் என்றது. தென் கொரியா 2011-இல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நள்ளிரவுத் தடை போட்டது. பிறகு பிள்ளைகள் எல்லோரும் போனுக்கு மாறிவிட்டதால் அதற்கு அர்த்தம் இல்லாமல் போக, 2022-இல் அதைக் கைவிட்டது.

ஆக, காசு திரும்பி வருமா என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். காசு எப்படிப் போகிறது என்பதை வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

சரி, கன்சோல் வாங்கலாமா?

"ஒரு தடவை காசு கொடுத்து நிம்மதியா ஆடணும்னா கன்சோல்தானே சரி?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், நம் ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலை: பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். 2022 நவம்பரில் இரண்டும் 5,000 ரூபாய் ஏறின. வீடியோ கேம் கன்சோலுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஜனவரி முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பெட்டி வாங்கினால் முடியாது. பெரிய நிறுவனத்தின் புது கேம் ஒன்றே 5,000 ரூபாயை ஒட்டி இருக்கும்.

டேட்டா: பெரிய கேம்கள் பல 100 ஜிபியைத் தொடுகின்றன. நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் 50 நாள் ஆகும். ஃபைபர் இணைப்பு இல்லாமல் டிஜிட்டல் மாடல் வாங்குவது, கிணறு இல்லாத காட்டுக்கு மோட்டார் வாங்குவது போல. ஆனால், ஆன்லைனில் ஆடும்போது டேட்டா அவ்வளவாகப் போகாது. அங்கே முக்கியம் 'பிங்'. நீங்கள் பட்டனை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் அது. 40, 50 மில்லி செகண்ட் என்றால் நன்றாக இருக்கும். 150-ஐத் தாண்டினால் நீங்கள் சுடும் முன்பே நீங்கள் அவுட். டவுன்லோடு வேகம் அதிகமான பிளான் வாங்கினால் மட்டும் பிங் குறைந்துவிடாது.

வெயில்: இதை யாரும் கடையில் சொல்வதில்லை. பிளேஸ்டேஷன் 5 இயங்க ஏற்ற அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை என்று சோனியே சொல்கிறது. ஐபோனுக்கும் ஆப்பிள் சொல்லும் மேல் வரம்பு 35 டிகிரிதான். ஏப்ரல், மே மாதங்களில் நம் கரிசல் காட்டு மதியம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். மதியம் கேம் திக்கித் திக்கி ஓடுவதற்கு நெட் மட்டும் காரணமில்லை. சார்ஜில் போட்டபடி ஆடினால் சூடு இன்னும் ஏறும். பேட்டரியின் ஆயுளும் குறையும். கன்சோல் வைத்திருந்தால் சுவரை ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடம் விட வேண்டும். தூசியை அடிக்கடி தட்ட வேண்டும்.

கரண்ட்: பெரிய கேம் ஓடும்போது இந்தக் கன்சோல் சுமார் 200 வாட் இழுக்கும். தினமும் 2 மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் பார்த்தால், அதில் கால்வாசி இதற்கே போகும். டிவி கரண்ட் தனி. ஆடும்போது கரண்ட் போனால் சேவ் செய்யாத ஆட்டம் போச்சு. போனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சொந்தமா, வாடகையா: டிஸ்க் வாங்கினால் முடித்துவிட்டு விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். டிஜிட்டலில் நீங்கள் வாங்குவது ஆடுவதற்கான அனுமதி மட்டுமே. டிஸ்க்கும் எப்போதும் காப்பாற்றாது. 2014-இல் வெளியான 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச்சில் மூடினார்கள். டிஸ்க் கையில் இருந்தவர்களும் ஆட முடியாமல் போனது. கேசட் காலத்தில் இப்படி நடக்க வழியே இல்லை.

அப்போ என்ன பண்ணலாம்? வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆடுபவருக்கு, வீட்டில் இருக்கும் போனோ பழைய லேப்டாப்போ போதும். ஒரு தடவை காசு கொடுத்தால் விளம்பரமும் இல்லாமல் முழுசாக ஆடக்கூடிய கேம்கள் பிளே ஸ்டோரிலேயே இருக்கின்றன. செஸ் பிடிக்கும் என்றால் 'லிசெஸ்' முழுக்க இலவசம். விளம்பரமும் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. வீட்டில் மூன்று, நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆடுவார்கள், ஃபைபர் இருக்கிறது, பட்ஜெட்டும் இருக்கிறது என்றால் மட்டும் கன்சோலை யோசிக்கலாம். அப்போதும் டிஸ்க் மாடலே நல்லது.

வீட்டில் இன்றே செய்ய வேண்டியவை

* பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ விரல் ரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள். பிள்ளையின் போன் என்றால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' இலவசமாகக் கிடைக்கிறது. நேரத்துக்கும் வரம்பு வைக்கலாம்.

* இன்ஸ்டால் செய்யும் முன் கேமின் பெயருக்குக் கீழே பாருங்கள். ஆப்புக்குள் வாங்கும் பொருட்கள் உண்டா, விளம்பரம் உண்டா என்று போட்டிருக்கும். 'இந்த ஆப் பற்றி' பகுதியில் ஒரு பொருள் எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்ற விலையும் இருக்கும். மேல் விலை ஆயிரக்கணக்கில் இருந்தால் அது யாருக்காகச் செய்த கேம் என்று புரிந்துவிடும்.

* யூபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். மறந்துபோன சந்தாக்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். யூபிஐ பின் நம்பர் பிள்ளைகளுக்குத் தெரியவே வேண்டாம்.

* பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேளுங்கள்.

* 'ஃப்ரீ டயமண்ட்', 'மோட் ஏபிகே' என்று டெலிகிராமில் வரும் லிங்க்குகளைத் தொடாதீர்கள். காசு போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

அதிக நேரம் ஆடுவது எல்லாம் நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' இருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது - இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ பாதித்தால்தான் அந்தப் பெயர். லீவு நாளில் மூன்று மணி நேரம் ஆடிய பையனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்க வேண்டாம். ஆனால், அந்த அறிகுறிகள் தெரிந்தாலோ, பண ஆட்டத்தில் கடனாகி மனம் உடைந்தாலோ, 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் இலவசம்.

அந்த 89 ரூபாய்

மறுபடியும் ஞாயிறு மதியத்துக்கு வருவோம். மாமா பாஸ்வேர்டு போடலாமா, வேண்டாமா?

89 ரூபாய் பெரிய காசு இல்லை. சினிமாவுக்குப் போனால் பாப்கார்னுக்கே பத்தாது. பிடித்த கேமுக்குக் காசு கொடுப்பது தப்பும் இல்லை. அதைச் செய்தவர்களுக்கும் சம்பளம் வேண்டும். "கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்தால், அடுத்த தடவை மாப்பிள்ளை மாமாவிடம் கேட்கவே மாட்டான், வேறு வழி தேடுவான். கேட்கிறான் என்பதே நல்ல விஷயம்தான்.

அதனால் மாமா போனை வாங்கிப் பார்க்கிறார். "இதுல என்ன வரும்னு தெரிஞ்சு வாங்குறியா, இல்ல பெட்டியா?"

"பெட்டி இல்ல மாமா. இதோ இந்த டிரெஸ்தான்."

"மாசத்துக்கு 100 ரூபா. அதுக்கு மேல கிடையாது. மிச்சம் வச்சா அடுத்த மாசத்துக்குச் சேர்த்துக்கலாம். பெட்டி மட்டும் வாங்கக் கூடாது. சரியா மாப்ளே?"

"சரி மாமா."

"அப்புறம் இதையும் கேளு. அந்தக் காலத்துல எங்களுக்கு 30 உயிர் சும்மா கிடைச்சுது, தெரியுமா?"

"சும்மாவா? எப்படி மாமா?"

"மேலே, மேலே, கீழே, கீழே..."